லைசன்ஸ், முல்கியா, இரத்தப் பணம்

கனடா, சுவிஸ், லண்டன் என்று போய்ச் சேர்ந்து குடியுரிமை எடுத்த எங்கட ஆட்களில் சிலர் இப்போது வேலை கிடைத்து துபாய்க்குப் போகிறார்கள். போனவுடன் அவர்கள் சொல்லும் முதல் புளுகு லைசன்ஸ் பற்றியது. பழைய லைசன்ஸையும் கடவுச்சீட்டையும் காட்டி, கண்ணைச் சோதித்து, காசைக் கட்டினால் உள்ளூர் லைசன்ஸ் கையில். வகுப்பும் இல்லை, றோட்டுச் சோதனையும் இல்லை.

இதே ஆள் இருபது வருசத்துக்கு முதல் இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே போயிருந்தால்? கண்டி வீதியில் பத்து வருசம் லொறி ஓடியிருந்தாலும் வகுப்புக்குப் போகவேண்டும். பிறகு எழுத்துச் சோதனை, வாகனம் நிறுத்துகிற சோதனை, றோட்டுச் சோதனை. றோட்டில் பெயில் விட்டால் திரும்பவும் வகுப்பு, திரும்பவும் காசு. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் திர்ஹம் வரும். நான் ஷார்ஜாவில் சாப்பாட்டுக் கடையில் நின்ற காலத்தில் என் சம்பளம் 900 திர்ஹம். ஆள் அதே ஆள், கை அதே கை. மாறியது கடவுச்சீட்டின் அட்டைதான். எந்த நாட்டு லைசன்ஸை நேரே மாற்றலாம் என்று எமிரேட்ஸ் அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் நாடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. எண்ணெய் வருவதற்கு முதல் அந்தக் கரையோரம் இந்தியாவைப் பார்த்துத்தான் இருந்தது. கடையில் புழங்கியது இந்திய ரூபாய். 1959 இல் இந்திய ரிசர்வ் வங்கி அந்தப் பக்கத்துக்கென்றே தனி வளைகுடா ரூபாய் அச்சடித்தது. 1966 இல் ரூபாயின் பெறுமதியை இந்தியா குறைத்தபிறகு, அதுவரை அதைப் புழங்கிக்கொண்டிருந்த நாடுகளும் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. றோட்டிலும் அதே கதை. இன்றைய எமிரேட்ஸ் பகுதியில் வாகனங்கள் எங்கள் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓடின. 1966 இல் வலப்பக்கம் மாறினார்கள். அடுத்த வருசம் பஹ்ரைனும் மாறியது. துபாயில் கடற்கழிக்கு மேலே முதற்பாலம் (அல் மக்தூம் பாலம்) வந்ததே 1963 இல்தான். அதற்கு முதல் அக்கரை போக அப்ரா படகு, இல்லாவிட்டால் சுற்றிப் போகவேண்டும்.

1973 இல் எண்ணெய் விலை ஏறியது. றோட்டுகள் பெருகின. ஓட ஆட்கள் தேவைப்பட்டார்கள். கேரளா, தமிழ்நாடு, இலங்கை, பாகிஸ்தான் என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். சவூதியில் பெண்கள் வாகனம் ஓடத் தடை இருந்ததால் வீட்டுக்கு ஒரு ஹவுஸ் றைவர் தேவைப்பட்டார். 2018 ஜூன் 24 அன்று அந்தத் தடை நீங்கும்வரைக்கும் ஒரு பெண் சந்தைக்குப் போவதற்கும் யாரோ ஒரு மலையாளியோ, தமிழனோ, வங்காளியோ சாவியை எடுக்கவேண்டியிருந்தது.

ஓடுவதற்கு எங்களைக் கூப்பிட்டவர்களே பிறகு றோட்டில் எங்கள் கார்கள் கூடிவிட்டன என்று சொல்லத் தொடங்கினார்கள். குவைத்தில் 2014 இல் வந்த கட்டுப்பாட்டின்படி வெளிநாட்டவர் லைசன்ஸ் எடுக்க மாதம் 600 தினார் சம்பளம், இரண்டு வருச வதிவிடம், பல்கலைக்கழகப் பட்டம் மூன்றும் வேண்டும். ஹவுஸ் றைவர் போன்ற சிலருக்கு விலக்கு. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்த என்னைப் போன்றவனுக்கு இதன் அர்த்தம் விளங்கும். நீ அரபியின் காரை ஓடலாம், உன் காரை ஓடக்கூடாது.

லைசன்ஸ் கதை இவ்வளவுதான் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அதோடு ஒட்டியிருக்கிற இன்சூரன்ஸ்தான் பெரிய கதை.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் கார் இன்சூரன்ஸ் என்றால் திட்டிக்கொண்டு கட்டுகிற ஒரு பில். வளைகுடாவில் அதன் கனம் வேறு. விபத்தில் ஒருவர் செத்தால் அவரின் குடும்பத்துக்குத் தியா, அதாவது இரத்தப் பணம், கொடுக்கவேண்டும். எமிரேட்ஸில் சட்டம் வைத்த தொகை 200,000 திர்ஹம். சவூதியில் விபத்துச் சாவுக்கு 100,000 ரியாலாக இருந்ததை 2011 இல் 300,000 ஆக்கினார்கள். சவூதியில் முன்பு இருந்த கணக்கில் அந்த 100,000 முஸ்லிம் ஆணுக்கு. கிறிஸ்தவ ஆணுக்கு அதில் பாதி. இந்து ஆணுக்கு 6,666 ரியால். எங்கள் உயிருக்கும் விலைப்பட்டியல் இருந்தது.

கொன்றவன் ஏழை றைவர் என்றால் அந்தக் காசுக்கு எங்கே போவான்? சவூதியில் 2002 வரைக்கும் வாகன இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. வணிக இன்சூரன்ஸ் மார்க்கத்துக்கு விரோதம் என்று 1977 இல் அங்குள்ள மூத்த உலமாக்கள் சபை சொல்லியிருந்தது. கூட்டுறவு முறையிலான இன்சூரன்ஸுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. அதனால் காசு கட்டும்வரை றைவர் சிறையில். ஊரில் காணி விற்பார்கள், தாலிக்கொடி அடகுக்குப் போகும், பள்ளிவாசலிலும் கோயிலிலும் சேர்ப்பார்கள். முதலாளி கட்டினால் வெளியே வரலாம், கட்டாவிட்டால் இல்லை. இன்சூரன்ஸ் கட்டாயமானபிறகுதான் அந்தச் சுமை றைவரின் கழுத்திலிருந்து கம்பெனிக்கு மாறத் தொடங்கியது.

எமிரேட்ஸில் இன்சூரன்ஸ் இல்லாமல் முல்கியா (வாகனப் பதிவு அட்டை) புதுப்பிக்க முடியாது. பதிவு 12 மாதத்துக்கு, இன்சூரன்ஸ் 13 மாதத்துக்கு. பதிவு புதுப்பிக்கப் பிந்தினாலும் அந்த ஒரு மாதத்தில் அடிபட்டவன் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதுதான் கணக்கு. 2017 ஜனவரியிலிருந்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரியான ஒப்பந்தம்.

2019 ஜூன் 6 அன்று மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்த பஸ் ஒன்று றாஷிதியாவில் உயரத் தடுப்புக் கம்பியில் மோதியது. செத்தவர்கள் 17 பேர், அதில் 12 பேர் இந்தியர். நீதிமன்றம் சொன்ன இரத்தப் பணம் 34 லட்சம் திர்ஹம், அதாவது 17 தரம் 200,000. எந்த பஸ் றைவரால் அது முடியும்? அதே விபத்தில் தலையில் பெருங்காயம் பட்டுத் தப்பிய இந்திய மாணவர் ஒருவருக்கு 50 லட்சம் திர்ஹம் நட்டஈடு கிடைத்த செய்தி 2023 இல் வந்தது. கட்டியது இன்சூரன்ஸ் கம்பெனி.

ஆனால் இந்தக் குடையில் ஒரு ஓட்டை உண்டு. லைசன்ஸ் இல்லாமல், அல்லது அந்த வகை வாகனத்துக்கு உரிய லைசன்ஸ் இல்லாமல், அல்லது வெறியில் ஓடி இடித்தால் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டும். கட்டிவிட்டு ஓடினவனிடம் திருப்பிக் கேட்கும். எங்கள் கடையில் மன்னார்ப் பெடியன் ஒருவன் பாத்திரம் கழுவினான். லைசன்ஸ் இல்லை. ஒருநாள் றைவர் வரவில்லை. "அவீர் மார்க்கெட்தானே, போய் மரக்கறி ஏத்திக்கொண்டு வா" என்று வான் சாவியை நீட்டினார்கள். தஞ்சாவூர்ச் சமையற்காரர் அண்ணன் அடுப்படியிலிருந்தே சொன்னார்: "தம்பி, வேணாம். ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனி செத்தவங்க வீட்டுக்குக் கட்டிடும். அப்புறம் அந்தக் காசுக்கு உன்னைத்தான் பிடிக்கும். நீ ஊருக்குப் போகவே முடியாது." பெடியன் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கழுவப் போனான். அந்த மாதம் அவனுக்கு ஓவர்டைம் கொடுக்கவில்லை. உயிரோடும் விடுதலையோடும் ஊர் திரும்பினான்.

ஆகவே ஊரிலிருந்து தம்பியோ மருமகனோ வளைகுடாவுக்குப் போகிறான் என்றால் சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதேயுங்கோ. என்ன வாகனம், அந்த வகைக்கு லைசன்ஸ் எடுத்துத் தருவார்களா, அந்தச் செலவு யாருக்கு, முல்கியா எந்தத் திகதிவரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கோ. லைசன்ஸ் கைக்கு வரும்வரை யார் நீட்டினாலும் சாவியைத் தொடவேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கோ.