மென்பொருள் துறையில் தொடர் மேம்பாடு: ஐதராபாத் குழுவின் வரலாறு

தொடர் மேம்பாடு என்பது, வேலை நடைபெறும் முறையைச் சிறு சிறு மாற்றங்களால் இடைவிடாமல் செம்மைப்படுத்தும் நடைமுறை ஆகும். ஜப்பானிய மொழியில் இது கைசென் எனப்படுகிறது. தொழிற்சாலைகளில் வளர்ந்த இந்நடைமுறை மென்பொருள் துறையில் வேரூன்றிய வரலாற்றில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காக ஐதராபாத்தில் பணிபுரிந்த ஒரு சிறு குழுவின் அனுபவம் முக்கிய இடம் பெறுகிறது.

தொழிற்சாலையில் தோற்றம்

1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வால்டர் ஷூஹார்ட், உற்பத்தியில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் வழியை உருவாக்கினார். அவரது கருத்துகளை வளர்த்தெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் தொடர் விரிவுரைகள் ஆற்றினார். குறைகளில் பெரும்பாலானவை தொழிலாளரால் விளைவதில்லை, வேலையின் அமைப்பால் விளைகின்றன என்பது டெமிங்கின் அடிப்படைக் கருத்து.

டொயோட்டா நிறுவனத்தில் டாய்ச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையும் இதே திசையில் சென்றது. அங்கு கான்பன் எனப்படும் அட்டைகள் பயன்பட்டன. அடுத்த கட்டத்தினர் அட்டை அனுப்பிக் கேட்டால் மட்டுமே முந்தைய கட்டத்தினர் பொருளைச் செய்வர். இதனால் பாதியில் நிற்கும் வேலை குவியாது. சிக்கல் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதும் உடனே வெளிப்படும்.

மென்பொருள் துறைக்கு வருகை

மென்பொருள் துறையில் இக்கருத்து இரு வழிகளில் நுழைந்தது. முதலாவது, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த முதிர்ச்சி மாதிரி. இது நிறுவனங்களை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. ஐந்தாம் நிலை, தன் செயல்முறையைத் தானே தொடர்ந்து மேம்படுத்திக்கொள்ளும் நிறுவனத்துக்கு உரியது. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பல இந்தச் சான்றைப் பெற்றன.

இரண்டாவது, 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை. குழு குறித்த இடைவெளிகளில் தன் பணியைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதனுடன் இணைந்த கொள்கைகளுள் ஒன்று. மீள்பார்வைக் கூட்டங்களுக்கு இது வலுச் சேர்த்தது.

ஐதராபாத் குழுவின் நிலை

மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் உலகெங்கும் பயன்படுத்திய ஏறத்தாழ 80 உள்நாட்டு மென்பொருட்களைப் பராமரிக்கும் பணி, 2004இல் ஐதராபாத்தில் இருந்த ஒப்பந்தக் குழு ஒன்றிடம் இருந்தது. குழுவில் மூன்று நிரலர்களும் மூன்று சோதனையாளர்களும் ஒரு மேலாளரும் இருந்தனர். ஐந்தாம் நிலைச் சான்று பெற்ற நிறுவனத்தின் குழு அது. ஆயினும் தன் பிரிவிலேயே மிகவும் பின்தங்கிய குழுவாகக் கருதப்பட்டது. 80க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தன. ஒரு கோரிக்கை நிறைவேறச் சுமார் ஐந்து மாதங்கள் ஆயின.

திட்ட மேலாளர் டிராகோஸ் டுமிட்ரியு, அதே நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஆண்டர்சனின் உதவியை நாடினார். குழுவினரின் திறமையில் குறை இல்லை என்பது இருவருக்கும் தெளிவாயிற்று. எனவே அவர்கள் கோரிக்கை கடந்து செல்லும் பாதையை ஆராய்ந்தனர்.

கண்டறியப்பட்ட காரணம்

புதிய கோரிக்கை வந்ததும் அதற்கு எவ்வளவு உழைப்பு தேவை என்று 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்காக நிரலரும் சோதனையாளரும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பழைய நிரலைப் புரட்ட வேண்டியிருந்தது. குழுவின் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதிப்பீட்டுக்கே சென்றது. மதிப்பிடப்பட்ட கோரிக்கைகளில் ஏறத்தாழப் பாதி கடைசிவரை செய்யப்படவே இல்லை. தேக்கம் கூடக் கூட, முன்னுரிமை வரிசையும் அடிக்கடி மாற்றி எழுதப்பட்டது. ஆக, ஐந்து மாதங்களில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது.

செய்யப்பட்ட மாற்றங்கள்

முதலில் முன்கூட்டிய மதிப்பீடு கைவிடப்பட்டது. இது எளிதான முடிவு அன்று. கோரிக்கை அனுப்பும் வணிகப் பிரிவு மேலாளர்கள், செலவு தெரியாமல் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. பெரிய வேலையும் சிறிய வேலையும் சராசரியில் சமன்பட்டுவிடும் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு அவர்களுக்கு விளக்கினர்.

அடுத்து, ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. வரிசையில் இடம் காலியானால் மட்டுமே புதிய கோரிக்கை சேர்க்கப்பட்டது. காலி இடத்துக்கு எது வேண்டும் என்று மேலாளர்களிடம் வாரந்தோறும் கேட்கப்பட்டது. வேலை வரிசையில் நுழைந்ததிலிருந்து 25 நாட்களுக்குள் முடித்துத் தருவதாக உறுதி அளிக்கப்பட்டது.

சோதனையாளர்களிடம் உழைப்பு மிகுதியாக இருந்ததும் பின்னர் தெரியவந்தது. எனவே நிரலர், சோதனையாளர் எண்ணிக்கை நான்கு, இரண்டு என மாற்றி அமைக்கப்பட்டது. இதன் பிறகே குழுவுக்குக் கூடுதல் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். நிரல் எழுதும் முறையோ சோதிக்கும் முறையோ மாற்றப்படவில்லை.

விளைவுகள்

2005 நவம்பரில் தேங்கியிருந்த கோரிக்கைகள் அனைத்தும் தீர்ந்தன. சராசரிக் காத்திருப்பு 14 நாட்களாகக் குறைந்தது. உற்பத்தித்திறன் 155 விழுக்காடு உயர்ந்ததாக ஆண்டர்சனும் டுமிட்ரியுவும் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வுரை பதிவு செய்கிறது.

2005இல் டோக்கியோ சென்ற ஆண்டர்சன், அரண்மனைத் தோட்ட வாயிலில் பார்வையாளர்களுக்கு அட்டை கொடுத்து, வெளியேறும்போது திரும்பப் பெறுவதைக் கண்டார். உள்ளே இருப்போரின் எண்ணிக்கையை அந்த அட்டைகளே கட்டுப்படுத்தின. ஐதராபாத்தில் செய்ததும் கான்பன் முறையே என்பதை இக்காட்சி அவருக்கு உணர்த்தியது. 2010இல் அவர் வெளியிட்ட கான்பன் நூலில் இவ்விரு அனுபவங்களும் இடம்பெற்றன. அதன் பின் கான்பன் பலகை உலகெங்கும் மென்பொருள் குழுக்களிடம் பரவியது.

வரலாற்று முக்கியத்துவம்

ஐதராபாத் குழு செய்தது ஓரளவு ஒத்த அளவுள்ள பராமரிப்பு வேலை. எனவே புதிய மென்பொருளை உருவாக்கும் பெரிய குழுவுக்கு இதே அளவு பலன் கிட்டும் என்று கொள்ள இயலாது. ஆனால் ஒரு குழு பின்தங்கும்போது முதலில் எதை ஆராய வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. மேம்பாட்டுக்கான மிக உயர்ந்த சான்று கையில் இருந்தும் அக்குழுவின் சிக்கல் தீரவில்லை. ஆட்களின் மீது சுமத்தப்பட்ட பழி, அவர்கள் விரும்பி ஏற்காத ஒரு விதிக்கு உரியது என்பது வேலையின் பாதையை அளந்து பார்த்தபோதே வெளிப்பட்டது.