ஊவாவின் கதை - 14: அறுபது பேர் பிடித்த குன்று

துரைசாமி என்று பேர் சொல்லிக்கொண்டு அரசனாக வந்த வில்பாவேயைக் கிளர்ச்சித் தலைவர் மடுகல்லை தொழுமரத்தில் மாட்டிய கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பரணகமக் குன்று குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

லுணுகலைச் சந்தியில் நின்றால், வெள்ளையருக்கு எதிரான அந்த ஊவாக் கிளர்ச்சிப் போர் விளங்கும். ஒரு பக்கம் பசறை, பதுளை என்று ஏறும் மலை. மறுபக்கம் பிபிலைக்கு இறங்கும் வெல்லஸ்ஸ. நெருப்புப் பிடித்தது கீழே. வெள்ளையர் படை கிடந்தது மேலே, பதுளையில். தேயிலையும் லயமும் இன்னும் வராத காடு நடுவில். வெள்ளை அதிகாரி வில்சன் கிளர்ச்சியில் செத்த பிறகு தேசாதிபதி பிரவுன்ரிக், அலுபொத்த, பரணகம என்று சின்னச் சின்னக் காவல் அரண்களில் ஆட்களை நிறுத்தினார். காலிக் கோட்டையை நினைத்துவிடாதீர்கள். ஒரு மேடு, அதைச் சுற்றி அவசரத்தில் போட்ட தடுப்பு, உள்ளே காய்ச்சலில் நடுங்கும் சிப்பாய்கள்.

1818 தொடக்கத்தில் பரணகமவில் மேஜர் மக்டொனால்டிடம் இருந்தவர்கள் 60 பேர். கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல கொண்டுவந்தது ஏழாயிரம், எட்டாயிரம் என்று வெள்ளை அதிகாரி டெனன்ட் எழுதுகிறார். ஜெயித்தவர் வீட்டுக் கணக்கு. பாதியாகக் குறைத்தாலும் மலைப்புத்தான். எட்டு நாள் மோதியும் குன்று விழவில்லை. வெள்ளையர் அதற்கு மக்டொனால்ட் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஏன் விழவில்லை? கண்டிப் படையின் கைவரிசை காட்டுப் பாதையில். 1630இல் இதே ஊவாவில், ரந்தெனிவெலவில், போர்த்துக்கேயத் தளபதி சா படையோடு அழிந்தது மலைக்குள் இழுக்கப்பட்டதால்தான். பதுங்கியிருந்து அடிக்கிறவனை வெட்டவெளியில் மேடேற விட்டது கெப்பெட்டிபொலவின் பிழை என்றே சொல்வேன்.

ஆனாலும் மனிதர் மனிதர்தான். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை அவர். கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்ததும், வெள்ளையர் தந்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பினார். உன் ஆயுதத்தால் உன்னைச் சுடமாட்டேன் என்ற கணக்கு. இப்படியொரு கிறுக்கு மக்டொனால்டுக்குப் பிடித்திருக்காது. அந்த நவம்பரில் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டுண்டது. மண்டையோட்டை டாக்டர் மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். 1954இல்தான் திரும்பி வந்தது.

அந்த அரண்கள் எந்த ஊரைக் காத்தன? அங்கிருந்து கிளம்பிய படைகள்தான் வீடுகளையும் நெல்லையும் எரித்தன, மாடுகளைக் கொன்றன. பிரவுன்ரிக்கை நான் மன்னிப்பதாக இல்லை.

பக்கம் முடிந்துவிட்டது. மடுகல்லையும் தொழுமரமும் அடுத்த வாரம், நிச்சயமாக.

(தொடரும்)