கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிளும் பழுதும்

மலிவு விலைச் சைக்கிளை வாங்கலாமா, கெட்டால் பழுது பார்க்கலாமா என்ற கேள்வி கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிது. ராலே, ஹம்பர் வண்டிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில் சைக்கிள் ஒரு சொத்து. 1949ல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, சென்னை அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1951ல் சோனிபட்டில் அட்லஸும் 1956ல் லூதியானாவில் ஹீரோவும் வந்தன. அதன்பின் சைக்கிள் உழவர் வீட்டுக்கும் எட்டியது.

கம்பத்துக்கு அருகிலுள்ள சுருளிப்பட்டிக்குக் கறுப்பு நிறத்தில் வந்த அந்த வண்டி மிகவும் பொருந்தியது. கம்பத்துக்குப் போகும் சாலை பெரும்பாலும் சமதரை, கியர் வேண்டியதில்லை. கேரியரில் புல்லுக்கட்டு, தேங்காய், திராட்சைப் பெட்டி என எதையும் ஏற்றலாம். குமுளி மலைச்சாலைக்குத்தான் அது உதவாது.

அதன் பெரிய பலம் எடையல்ல, பொதுத்தன்மை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் 28 அங்குல டயர், காட்டர் பின், கம்பி பிரேக், பால்ஸ் எல்லாம் அநேகமாக ஒரே அளவு. ஒரு பெட்டி ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும் இருந்தால் கடை போட்டுவிடலாம். பஞ்சர் ஒட்டுவது, ரிம் கோட்டம் எடுப்பது, ஆண்டுக்கொரு முறை ஓவராயில் செய்வது, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது என்று ஒரு தொழிலே அதை நம்பி வாழ்ந்தது. பிரேமின் இணைப்பு விட்டுப்போனாலும் பித்தளை உருக்கிப் பற்றவைத்தார்கள்.

மோட்டார் சைக்கிள் பெருகியதும் வாடகைக் கடைகள் மறைந்தன. பெரிய கடைகளில் வண்ணச் சைக்கிள்கள் வந்தன. இரட்டை ஸ்பிரிங்கும் கியரும் மலிவு விலையில் கிடைக்க வேண்டுமானால் இரும்பின் தரமும் பேரிங்கும்தான் குறைய வேண்டும். பிளாஸ்டிக் பிரேக் பிடி உடையும், பிரேக்கின் மெல்லிய தகட்டுக் கை வளையும், கியர் தடம் மாறும். உதிரி பாகம் உள்ளூரில் கிடைப்பதும் அரிது.

தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்குத் தரும் இலவசச் சைக்கிள் வேறு வகை. 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. அந்த வண்டிகளும் விலை குறைந்தவையே. ஆனால் அமைப்பு எளிது, கியர் இல்லை, பாகம் மாற்றலாம். அவற்றைப் பழுது பார்ப்பது எப்போதும் பயனுள்ளது. வண்ணச் சைக்கிளில் டியூப், டயர், பிரேக் கட்டை, செயின் வரை செலவிடலாம். பிரேமோ ஸ்பிரிங் போர்க்கோ போனால் அந்தப் பணத்தில் பழைய கறுப்பு வண்டி ஒன்றை வாங்கி ஓவராயில் செய்வதே மேல்.