அகன்ற தெருவும் குறுகிய பாதையும்

எர்ணாகுளத்தில் பிராட்வே என்றொரு கடைவீதி உண்டு. காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரி, இப்பால் இவ்வீதி. பெயருக்கு அகன்ற பாதை என்று பொருள், வீதியோ குறுகலானது. எனினும் துணியும் குடையும் மளிகையும் அதன் வழியே குறைவின்றி வந்து போகின்றன. சுமைக்கேற்ற வழியிருந்தால் வாணிகத்துக்கு அதுவே போதும். கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்தின் அண்மைக்கால வரலாறும் இவ்வுண்மையை உணர்ந்த வரலாறே ஆகும்.

முன்னாளில் இதனை நன்கு அறிந்திருந்தோர் வணிகர்கள். 1957 இல் மட்டாஞ்சேரியில் மிளகு, நறுமணப் பொருள் வணிகர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. அதன் கூடத்திலே விலைகள் உரக்கக் கூறப்பட்டன. அங்கிருந்து வெளியூருக்குச் செல்லவேண்டியது விலை என்னும் ஒரு சிறு எண்ணே. சொல்லுக்கு இவ்வளவு என்று தந்திக்குக் கட்டணம் வாங்கிய காலத்தில், செய்தியைச் சுருக்குவது ஒரு கலையாகவே வளர்ந்தது. அத்தந்தி 2013 ஜூலையில் நம் நாட்டில் விடைபெற்றது.

அதற்கு முன்பே கைப்பேசி வந்துவிட்டது. 1996 செப்டம்பர் 17 அன்று கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பு கொச்சியில் நிகழ்ந்தது. எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தென்னகக் கடற்படைத் தளபதி டாண்டனுடன் பேசினார். வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. அன்று அலைவழியே பேசியவர்கள் மனிதர்கள். இன்றோ மனிதரைப் போலவே பொறிகளும் பேசுகின்றன. அவற்றுக்கெனப் பதின்மூன்று இலக்க எண்களை வழங்கும் முறையை 2018 இல் இந்திய அரசு வகுத்தது.

கடைவீதியில் நின்று பார்த்தால் இப்பொறிகளின் தேவைகள் ஒன்றுபோல் இல்லை என்பது விளங்கும். பணம் வந்ததைக் கூவி அறிவிக்கும் ஒலிப்பெட்டிக்குச் சில எழுத்துக்களே போதும். மின்சார மீட்டருக்கும் அவ்வளவே. காவல் புரியும் காமிராவுக்கோ நொடிக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட் வரை வேண்டும். திரைப்படம் காணும் கைப்பேசி இன்னும் மிகுதியாகக் கேட்கும். தலைச்சுமை, தள்ளுவண்டி, லாரி என மூவகைச் சுமைகள் என்று இவற்றைக் கொள்ளலாம்.

தலைச்சுமைக்கு வழி 2016 இல் பிறந்தது. 'த்ரீ ஜி.பி.பி.' என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு, ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் அகலமே உடைய 'என்.பி. ஐ.ஓ.டி.' முறையை அவ்வாண்டு வகுத்தது. 2018 இல் லாரிக்கு ஏற்ற ஐந்தாம் தலைமுறை முறை உருப்பெற்றது. அதன் கருவிகள் நடுத்தர அலைவரிசைகளில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கையாள வேண்டும். ஏற்கும் ஆன்டெனாக்கள் இரண்டோ நான்கோ வேண்டும். தள்ளுவண்டிக்கு நான்காம் தலைமுறையில் இடம் இருந்தது. ஐந்தாம் தலைமுறையில் தொடக்கத்தில் இல்லை.

அக்குறையை நீக்கியது 2022 இல் நிறைவுற்ற பதினேழாம் வெளியீடு. 'ரெட்கேப்', அதாவது குறைத்த திறன், என்பது அதன் பெயர். அதே நடுத்தர அலைவரிசைகளில் கருவி கையாளவேண்டிய அகலத்தை அது 20 மெகாஹெர்ட்ஸாக, ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆன்டெனா ஒன்றே இருந்தாலும் போதும் என்றது. ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனி ஏற்புச் சுற்று வேண்டுமாதலால், ஆன்டெனா குறைந்தால் விலையும் மின்செலவும் குறையும். ஒரே நேரத்தில் அனுப்பவும் ஏற்கவும் வேண்டாம், மாறிமாறிச் செய்யலாம் என்னும் சலுகையும் தரப்பட்டது. கருவி நெடுநேரம் உறங்கி மின்கலத்தைக் காத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. 2024 இல் நிறைவுற்ற அடுத்த வெளியீடு, நொடிக்குப் பத்து மெகாபிட் அளவில் இன்னும் எளிய வகையை வகுத்தது. 2025 இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்திலும் ரெட்கேப் இடம்பெற்றது. ஆன்டெனா குறைந்தால் அலை நலிந்த மூலைகளில் எட்டும் தூரமும் சற்றுக் குறையும்; அச்சிக்கனத்துக்கு அது விலை.

இது பொறியாளரின் கவலை மட்டுமன்று. கைப்பேசியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். சுவரில் பொருத்திய மீட்டரோ பத்தாண்டு உழைக்க வேண்டியது. அதற்குள் அது சார்ந்த அலைமுறை ஓய்வு பெற்றுவிட்டால் நல்ல கருவியும் ஊமையாகிவிடும். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் மூன்றாம் தலைமுறையை நிறுத்தியபோது, அதனை நம்பியிருந்த பழைய அபாய அறிவிப்புக் கருவிகளை மாற்ற நேர்ந்தது. நம் நாட்டில் ஏர்டெல் 2020 இலேயே மூன்றாம் தலைமுறையைக் கைவிட்டது. இரண்டாம் தலைமுறை இன்றும் உழைத்துவருகிறது. சிறு கடைகளின் பல கருவிகள் அதன் நிழலில் வாழ்கின்றன. அந்நிழல் என்றும் நிலைக்கும் என எண்ணியிருத்தல் தகாது.

ரெட்கேப் இயங்க, நான்காம் தலைமுறையின் துணையின்றித் தனித்து நிற்கும் ஐந்தாம் தலைமுறை அமைப்பு வேண்டும். அத்தகைய அமைப்பையுடைய ஜியோ நிறுவனம் 2022 டிசம்பர் 20 அன்று கொச்சியில் தன் ஐந்தாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. பாதை அமைந்தாயிற்று, வண்டிகள் மலிந்து வரவேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கு ஒரு கருவியின் விலை சிறு செலவன்று. ஆகவே வாங்கும்போது, இதன் வேகம் என்ன என்று மட்டும் கேளாமல், இது எந்தத் தலைமுறையின் அலையில் இயங்குகிறது, அவ்வலை எத்தனை ஆண்டு இருக்கும் என்றும் கேட்பது நலம். அகன்ற பாதை பெருமைக்குரியதே. ஆயினும் சுமையின் அளவறிந்து அமைந்த பாதையே எளியவர்க்குக் கைகொடுக்கும்.