செல்லம்மாள் (சிறுகதை)

புதுமைப்பித்தன் (1906–1948) எழுதிய சிறுகதை. 1943-இல் கலைமகள் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு, அதே இதழில் வந்த 'காஞ்சனை' தமிழ்ப் பேய்க்கதைகளில் முதன்மையானதாகப் பேசப்படுகிறது. 'செல்லம்மா'ளில் பேய் இல்லை. ஆனாலும் இழப்பின் பயங்கரத்தை இதைவிட நெருங்கிக் காட்டிய கதை தமிழில் அரிது.

பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து சென்னைக்கு வந்து, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் பிரமநாயகம் பிள்ளை. மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி, குழந்தைகள் இல்லை. கதை அவளுடைய கடைசி மூச்சில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று மீண்டும் அதே இரவுக்குத் திரும்புகிறது. அழ அருகில் உற்றார் எவரும் இல்லை. கணவர்தான் வெந்நீர் வைத்து உடலைக் குளிப்பாட்டுகிறார். பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, முகத்தில் மொய்க்க வரும் ஈயை விசிறியால் ஓட்டுகிறார். உயிரோடிருந்தபோது செய்த பணிவிடை செத்த பிறகும் நிற்கவில்லை.

சாவதற்கு முன் வரும் பிதற்றல் காட்சி இன்னும் கொடியது. ஜன்னி கண்டவள் கணவரை அடையாளம் தெரியாமல் தாயென்று எண்ணிப் பேசுகிறாள். அவரும் மறுக்காமல் தாயாகவே நின்று தேற்றுகிறார்.

'காஞ்சனை'யில் அச்சம் வெளியிலிருந்து, வேலைக்காரி உருவில் வீட்டுக்குள் நுழைகிறது. இங்கே அது ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறது: வறுமையாக, நோயாக, சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற நிறைவேறாத ஆசையாக. புதுமைப்பித்தன் கண்ணீரை எங்குமே வற்புறுத்தவில்லை. பிள்ளையின் கைகள் செய்யும் வேலைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.