அமெரிக்கக் கடன் அட்டைச் சட்டம், 2009

அமெரிக்காவில் கடன் அட்டை நிறுவனங்கள் வட்டியும் கட்டணமும் வசூலித்த முறைகளில் பலவற்றைத் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டம். 'கார்டு சட்டம்' என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. அதிபர் பராக் ஒபாமா 2009 மே 22 அன்று இதில் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய நாற்பதாண்டுச் சட்டங்கள் பெரும்பாலும், நிபந்தனையைத் தெரிவித்துவிட்டால் போதும் என்று வங்கிகளை விட்டுவிட்டன. தெரிவித்தாலும் சிலவற்றைச் செய்யக்கூடாது என்று சொன்னதே இச்சட்டத்தின் சிறப்பு.

1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. மற்ற வங்கிகளும் அவ்வழியே போயின. வட்டி விகிதத்தை ஒரே முறையில் கணக்கிட்டுக் காட்டச் செய்த 'கடனில் உண்மை' சட்டம் 1968இல் வந்தது. கேட்காத அட்டையை அனுப்புவதற்கு 1970இல் தடை விதிக்கப்பட்டது. திருட்டுப்போன அட்டைக்கு அதன் உரிமையாளர் ஏற்கவேண்டிய இழப்பும் அதிகபட்சம் 50 டாலர் என்றானது. தவறான பில்லை மறுக்கும் உரிமை 1974இல் கிடைத்தது.

வட்டிக்கு வரம்பு வைத்தவை மாநிலச் சட்டங்கள். அவற்றின் அடித்தளத்தை 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அசைத்தது. நெப்ராஸ்காவின் தேசிய வங்கி ஒன்று மின்னசோட்டா மக்களுக்கு அட்டை வழங்கி, தன் மாநிலம் அனுமதித்த 18 சதவீத வட்டியை அங்கேயும் வாங்கியது. மின்னசோட்டாவின் வரம்போ 12 சதவீதம். தேசிய வங்கி தான் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டியையே நாடெங்கும் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1980இல் தெற்கு டகோட்டா வட்டி வரம்பை நீக்கியதும், நியூயார்க்கின் சிட்டிபாங்க் தன் அட்டைத் தொழிலை அங்குள்ள சூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. டெலவேரும் 1981இல் கதவைத் திறந்தது. தாமதக் கட்டணமும் வட்டியின் ஒரு வகையே என்று 1996இல் இன்னொரு தீர்ப்பு வந்தபின், மாநிலங்களின் கந்துவட்டித் தடைகள் அட்டைக் கடனைப் பொறுத்தவரை ஏட்டளவில் மட்டுமே நின்றன.

அதன் விளைவைச் செனட் துணைக்குழு ஒன்றின் முன் 2007இல் வெளிவந்த கணக்கு காட்டுகிறது. கார்ல் லெவின் தலைமையிலான அந்த விசாரணையில் ஒஹாயோக்காரர் ஒருவர் சாட்சி சொன்னார். அவர் அட்டையில் செலவழித்தது சுமார் 3,200 டாலர். வரம்பு மீறியதற்காக மட்டும் 47 முறை கட்டணம் போட்டிருந்தார்கள். ஆறாண்டுகளில் 6,300 டாலர் கட்டிய பிறகும் 4,400 டாலர் பாக்கி நின்றது. இதில் எதுவும் அன்று சட்டவிரோதமல்ல என்பதுதான் கொடுமை. வேறோர் இடத்தில் தவணை தவறினால் இந்த அட்டையின் வட்டியையும் ஏற்றுவது, கட்டி முடித்த தொகைக்கும் முந்தைய மாதக் கணக்கைக் காட்டி வட்டி போடுவது ஆகியவையும் வழக்கத்தில் இருந்தன.

நியூயார்க் பிரதிநிதி கரோலின் மலோனி கொண்டுவந்த மசோதா 2008 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் தேங்கிவிட்டது. நிதி நெருக்கடி முற்றிய நிலையில் அவர் மறுபடியும் கொண்டுவந்தார். செனட்டர் கிறிஸ் டாட் முன்னின்று நடத்த, செனட்டில் 90க்கு 5 என்ற வாக்குகளில் அது தேறியது. தேசியப் பூங்காக்களுக்குத் துப்பாக்கி கொண்டுசெல்ல இடமளிக்கும் சம்பந்தமில்லாத பிரிவொன்றும் கூடவே ஒட்டிக்கொண்டது. வட்டிக்கு 15 சதவீத உச்சவரம்பு வைக்கலாம் என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த திருத்தத்துக்குக் கிடைத்தவை 33 வாக்குகளே.

முக்கிய விதிகளில் பெரும்பாலானவை 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தன. வாடிக்கையாளர் 60 நாள் தவணை தவறாதவரை பழைய நிலுவைக்கு வட்டியைப் பொதுவாக ஏற்ற முடியாது. புதிய செலவுக்கான வட்டியை உயர்த்த 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டுவது, வட்டி அதிகமான நிலுவைக்கே முதலில் போகவேண்டும். 21 வயதுக்குட்பட்டவருக்குச் சொந்த வருமானமோ உடன் கையெழுத்திடுபவரோ தேவை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்பதையும் பில்லிலேயே அச்சிட வேண்டும். ஆனால் கையெழுத்துக்கும் அமலுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பல வங்கிகள் அவசரமாக வட்டியை ஏற்றிவிட்டன. அந்த அவகாசம் தந்தது பிழை.

இச்சட்டம் ஆண்டுக்கு 1,190 கோடி டாலரை மக்களுக்கு மிச்சப்படுத்தியதாக நான்கு பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. கடன் மதிப்பெண் குறைந்தவர்களே இதனால் அதிகம் பயனடைந்தார்கள். வணிக அட்டைகள் இச்சட்டத்தின் பெரும்பாலான பாதுகாப்புகளுக்கு வெளியேதான் நிற்கின்றன.

பெரிய நிறுவனங்களின் தாமதக் கட்டணத்தை 8 டாலராகக் குறைக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024இல் போட்ட விதி, நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் ரத்தானது. படைவீரருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் வட்டியில் 36 சதவீத வரம்பு உண்டு. மற்றவர்களின் வங்கி அட்டைகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை வட்டி உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை.