ஏட்டுக்கட்டும் கணினிக்கட்டும்

1962ஆம் ஆண்டில் எப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த மூலங்கள் ஓலைச்சுவடிகள். சுவடி எழுத்தில் மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, சொற்களுக்கிடையே இடமுமில்லை. ஏட்டில் இல்லாததைப் படிப்பவரே தம் பயிற்சியால் நிரப்பவேண்டும். அப்பயிற்சியுடையோர் அருகிவிட்டால், ஓலை இருந்தும் நூல் இல்லை.

அச்சுநூலும் நமக்கு நிலையன்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நம் ஊர்கள் 1978 நவம்பர் 23இல் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இல் கடற்கோளையும் கண்டவை. ஆகவேதான் நூல்களை மின்வடிவாக்கிப் பல இடங்களில் படிவைக்கும் முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் சுவடி தந்த பழைய கேள்வி இங்கும் எழுகிறது: கட்டி வைத்ததை நாளை பிரிப்பவர் யார்?

1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ‘தார்’ என்னும் கட்டளை, கோப்புகள் பலவற்றைக் காந்த நாடாவில் ஒரே கட்டாகச் சேர்ப்பதற்கு எழுந்தது. ஏட்டுத்துளையிற் கயிறு கோப்பது போன்றதே அதன் தொழில், தானாகச் சுருக்காது. சுருக்கும் கலையோ நம் காணி உறுதிகளில் உள்ளதுதான். எல்லைகளை ஒருமுறை விரித்தெழுதிய நொத்தாரிசு, பின்னர் ‘மேற்படி காணி’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். 1977இல் லெம்பெல், ஸிவ் என்ற இஸ்ரேலிய அறிஞர் இருவர் வகுத்த முறையும் இதுவே: முன்வந்த தொடர் மீண்டும் வருமிடத்து, எவ்வளவு பின்னே சென்று எத்தனை எழுத்தை எடுப்பது என்ற குறிப்பு மட்டும் நிற்கும்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த முறையொன்றை 1984இல் டெரி வெல்ச் வெளியிட்டார். யுனிக்ஸின் ‘கம்பிரெஸ்’ அதைக் கைக்கொண்டது. ஆனால் அதன் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அமெரிக்காவில் அவ்வுரிமை முடிவுற்றது 2003இல்தான். ‘மேற்படி’ என்றெழுத ஒருவன் கூலி கேட்டால் நம் நொத்தாரிசு சும்மா இருப்பாரா? கணினியாளரும் இருக்கவில்லை. 1992இல் ழான்-லூ கய்யி சுருக்கும் பகுதியையும் மார்க் அட்லர் விரிக்கும் பகுதியையும் எழுதி, ‘ஜீசிப்’ என்னும் கருவியை எவரும் பயன்படுத்தத் தந்தனர். 1996 மே மாதத்தில் அம்முறையின் முழு விளக்கமும் வெளியாயிற்று. ஆகவே கருவியே தொலைந்தாலும், விளக்கத்தைப் படித்து மற்றொன்றைச் செய்துகொள்ளலாம். ஓலை எழுத்துக்கு நம்முன்னோர் இத்தகைய விளக்கமொன்றை எழுதிவைத்திருந்தால், பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு எவ்வளவோ குறைந்திருக்கும்.

இன்று கட்டளைத் திரையில் ‘தார்’ என்பதோடு ‘எக்ஸ்’, ‘இசட்’, ‘எஃப்’ என்ற மூன்றெழுத்தையும் கோப்பின் பெயரையும் இட்டால், சுருக்கம் விரிந்து கட்டு அவிழும். ‘எக்ஸ்’ இருக்குமிடத்தில் ‘டி’ இட்டால் உள்ளிருப்பவற்றின் பட்டியல் மட்டும் தோன்றும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வெறுங்கோப்புறையில் அவிழ்ப்பது நன்று. அதே பெயரில் பழைய கோப்பு அங்கிருப்பின், தார் நம்மைக் கேளாமலே அதன்மேல் எழுதிவிடும்.